"எல்லாக் குமிழ்களையும் இறுக்கி மூடவும்": ஒரு விளக்கக் கட்டுரையும் ஒரு கரிவளித் தோம்பும்



படிவம் 4 மாணவர் ஒருவர் எழுதிய விளக்கக் கட்டுரையின் கடைசி வரி இது: "இறுதியாக, எல்லாக் குமிழ்களையும் நன்கு இறுக்கி மூடவும்." வலிமிகுதல் சரி, வாக்கிய அமைப்பு சரி, முடிவு வரிக்கு உரிய தொடரும் இருக்கிறது. சிவப்பு மையில் ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன். அந்த வரியில் ஒரு பெரிய பிழை இருந்ததை இரண்டு வாரம் கழித்து, ஒரு மாணவரின் மூக்குக்கண்ணாடி உடைந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நடந்தது இதுதான். எங்கள் பள்ளியின் ரோபோடிக்ஸ் கழகம், மறுசுழற்சி வாரத்துக்காகப் பான டின்களை நசுக்கும் பொறி ஒன்றைச் செய்தது. (தமிழாசிரியருக்கு ரோபோடிக்ஸ் கழகத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஆள் குறைவான பள்ளியில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் பொறுப்பு.) காற்று கம்ப்ரசர் வைத்தால் சத்தம் காதைப் பிளக்கும் என்பதால், மீன் தொட்டிச் செடிகளுக்குப் பயன்படுத்தும் சிறிய கரிவளித் தோம்பு ஒன்றை வைத்துப் பொறியை இயக்கினார்கள். அதை இணைக்கும் முறையையே விளக்கக் கட்டுரையாக எழுதச் சொன்னேன். நல்ல யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு நாள் பயிற்சி முடிந்ததும், இன்னொரு மாணவர் அந்தக் கட்டுரையைப் பார்த்தே எல்லாவற்றையும் "இறுக்கி மூடினார்". தோம்பின் வால்வு மூடிக்கொண்டது. ஆனால் ரெகுலேட்டரின் குமிழை இறுக்கினால் அது மூடாது, முழுதாகத் திறக்கும். மறுநாள் காலை வேறொருவர் தோம்பைத் திறந்தார். அழுத்தமானியின் முள் கடைசிக் கோடு வரை ஓடியது, பிளாஸ்டிக் குழாய் இணைப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு பாம்பு மாதிரி அடித்தது. அடி விழுந்தது கண்ணாடியின் மேல். கண்ணாடி இல்லாதிருந்தால் கண்ணின் மேல் விழுந்திருக்கும்.

"டீச்சர், கட்டுரையில இறுக்கி மூடச் சொல்லித்தானே இருக்கு?" என்று அந்த மாணவர் கேட்டார். ஆமாம், சொல்லித்தான் இருந்தது. நானும் சரி போட்டிருந்தேன்.

ஆகவே இந்தக் கட்டுரையில் இரண்டு வேலை: தோம்பு, வால்வு, ரெகுலேட்டர் மூன்றும் எப்படி ஒன்றோடொன்று சேர்கின்றன என்பதைச் சொல்வது, சொல்லும்போது எந்தச் சொல் எங்கே வழுக்கிவிடும் என்பதைக் காட்டுவது.

முதலில் பெயர்கள். தமிழ்நாட்டு நூல்களில் வாயு அடைத்த கலத்தையும் "சிலிண்டர்" என்பார்கள், காற்றழுத்தத்தால் தண்டை வெளியே தள்ளும் பாகத்தையும் "சிலிண்டர்" என்பார்கள். "சிலிண்டரைத் திறக்கவும்" என்று மாணவர் எழுதினால் எதைத் திறப்பது? நமக்கு இங்கே வசதியாகத் "தோம்பு" என்ற சொல் வழக்கில் இருக்கிறது. வாயு இருப்பது தோம்பு. தண்டைத் தள்ளுவது காற்று சிலிண்டர். ரெகுலேட்டருக்கு அழுத்தச் சீராக்கி என்ற பெயர் பொருத்தம், அது செய்யும் வேலையைச் சொல்கிறது. வால்வு வால்வாகவே இருக்கட்டும்.

இனி, சீராக்கி ஏன் வேண்டும்? எங்கள் பொறியில் இருந்த காற்று சிலிண்டரின் உள்விட்டம் 50 மில்லிமீட்டர். அதற்கு 6 பார் அழுத்தம் கொடுத்தால் ஏறக்குறைய 1,180 நியூட்டன் விசை கிடைக்கும். 120 கிலோ எடையுள்ள ஒருவர் டின்மேல் ஏறி நிற்பதற்குச் சமம், டின் அப்பளமாகிவிடும். ஆனால் கரிவளித் தோம்பின் உள்ளே 20 பாகை செல்சியசில் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 57 பார். அதை அப்படியே அனுப்பினால் கணக்குப்படி ஒரு டன்னுக்கு மேல், அதாவது ஒரு சிறிய காரின் எடை. அவ்வளவு தூரம் போகவே போகாது. சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் காற்று சிலிண்டரும் பிளாஸ்டிக் குழாயும் 10 பார் அளவுக்கு உரியவை, அதற்கு முன்பே ஏதாவது ஒன்று பிய்ந்துவிடும். இந்த 57-ஐ 6 ஆக்குவதுதான் சீராக்கியின் வேலை. தோம்பின் வால்வைக் கொஞ்சமாகத் திறந்து வைத்தால் அழுத்தம் குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். குறையாது. வாயு மெதுவாகப் போகும், அவ்வளவுதான். முன்னால் வழி அடைபட்டிருந்தால் சற்று நேரத்தில் அதே 57 பார் வந்து நிற்கும். வால்வு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும், சீராக்கி அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும். தேர்வில் இந்த இரண்டு சொற்களையும் மாற்றி எழுதுபவர்கள் நிறைய.

வீட்டுச் சமையல் தோம்பில் இருப்பதும் ரெகுலேட்டர்தானே, அதைப் போடலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. அது அடுப்புக்காக ஒரு பாரில் மிகச் சிறிய பங்கு அழுத்தத்துக்கு நிலையாக அமைத்தது. சமையல் எரிவாயுவைக் கொண்டு பொறிகளை இயக்கும் எண்ணமே வேண்டாம். ஒவ்வொரு முறை தண்டு திரும்பும்போதும் வாயு வெளியே வரும். உயிர்வளியும் வேண்டாம். அழுத்தமான உயிர்வளியில் எண்ணெய்ப் பிசுக்கு பட்டாலே தீப்பற்றும். பொழுதுபோக்குக்கு அழுத்தக் காற்று, கரிவளி, நைட்ரஜன் இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, அந்தக் குமிழ் ஏன் எதிர்த்திசையில் வேலை செய்கிறது? குழாயைத் திருகி மூடிப் பழகிய கைக்கு இது விளங்காது. சீராக்கியின் குமிழ் நேரடியாக எதையும் மூடுவதில்லை. குமிழுக்குக் கீழே ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்குக் கீழே ஒரு சவ்வு, சவ்வுக்கு அடியில் தோம்பிலிருந்து வரும் வழியை அடைக்கும் ஒரு சின்ன அடைப்பான். குமிழை வலஞ்சுழியாக இறுக்கினால் ஸ்பிரிங் சவ்வை அழுத்தும், சவ்வு அடைப்பானைத் தள்ளித் திறக்கும், வாயு உள்ளே வரும். வந்த வாயு மறுபக்கம் நிறைந்து, சவ்வைக் கீழிருந்து மேலே தள்ளும். அந்தத் தள்ளலும் ஸ்பிரிங்கின் அழுத்தலும் சமமானதும் அடைப்பான் மூடிக்கொள்ளும். டின்னை நசுக்க வாயு செலவானால் கீழிருந்து தள்ளுவது குறையும், அடைப்பான் மறுபடி திறக்கும். நாள் முழுக்க இந்த மல்லுக்கட்டு நடக்கிறது. நாம் குமிழைத் திருகி முடிவு செய்வது ஸ்பிரிங்கின் பலத்தை மட்டும். ஸ்பிரிங்கை இறுக்க இறுக்க அழுத்தம் ஏறும். குமிழ் தளர்ந்து லொடலொடவென்று ஆடினால் அடைப்பான் மூடியிருக்கிறது என்று பொருள்.

தோம்பின் வால்வு இதற்கு நேர்மாறு: வலஞ்சுழியாகத் திருப்பினால் மூடும், இடஞ்சுழியாகத் திருப்பினால் திறக்கும். ஒரே பொறியில், ஒரு சாண் இடைவெளியில், ஒரே அசைவுக்கு இரண்டு எதிரெதிர் விளைவுகள். இதைத்தான் மாணவர் "எல்லாக் குமிழ்களையும்" என்ற ஒரே தொடரில் அடக்கிவிட்டார்.

அடுத்தது மரை. இணைப்பில் பாதித் தொல்லை இங்கேதான். தோம்பின் வாயில் உள்ள மரை வாயுவுக்கு வாயு வேறுபடும். தவறான சீராக்கியைத் தவறான தோம்பில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். பட்டறைகளில் உள்ள எரியும் வாயுத் தோம்புகளைக் கவனித்தால் மரை இடப்பக்கம் சுற்றும், நட்டின் மூலைகளில் சிறு வெட்டுக்குறி இருக்கும். கரிவளி எரியாதது, ஆகவே வலப்பக்க மரை. அதிலும் ஜெர்மன் முறையில் 21.8 மில்லிமீட்டர், அமெரிக்க முறையில் அதைவிடச் சற்றுச் சிறியது. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கையால் திருகும்போது தடையில்லாமல் முழுதும் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் ஸ்பானரை எடுக்காதீர்கள், பொருந்தாத பொருளை வாங்கியிருக்கிறீர்கள்.

இந்த இணைப்பில் வெள்ளை டெஃப்லான் நாடா சுற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. தேவையில்லை, கெடுதலும்கூட. கரிவளித் தோம்புக்கும் சீராக்கிக்கும் நடுவே கசிவைத் தடுப்பது மரை அல்ல, உள்ளே இருக்கும் தட்டையான வாஷர். அது நசுங்கியிருந்தால் புதிதாக மாற்றிவிட வேண்டும். நாடாவின் துண்டு பிய்ந்து சீராக்கிக்குள் போனால் அடைப்பான் சரியாக மூடாது. சீராக்கிக்குப் பிறகு வரும் சிறிய கூம்பு மரைகளுக்குத்தான் நாடா.

அந்தச் சிறிய மரைகளிலும் ஒரு பொறி இருக்கிறது. நம் ஊர் ஹார்ட்வேர் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் பி.எஸ்.பி எனப்படும் பிரிட்டிஷ் மரை. அமெரிக்காவிலிருந்து வரும் பயிற்சிப் பெட்டிகளில் இருப்பது என்.பி.டி. கால் அங்குல அளவில் முன்னதற்கு ஓர் அங்குலத்துக்கு 19 புரி, பின்னதற்கு 18. இரண்டு மூன்று சுற்று சமர்த்தாக ஏறும், பிறகு இறுகும். "டைட்டா இருக்கு டீச்சர், நல்லா பிடிச்சிருச்சு" என்பார்கள். பிடிக்கவில்லை, சிக்கிக்கொண்டிருக்கிறது. குழாயும் அப்படித்தான்: 6 மில்லிமீட்டர் குழாய்க்கான சொருகு இணைப்பில் கால் அங்குலக் குழாய், அதாவது 6.35 மில்லிமீட்டர், முரண்டு பிடிக்கும். மாற்றிப் போட்டால் உள்ளே போகும், ஆனால் நிற்காது. எங்கள் குழாய் பிடுங்கிக்கொண்டதற்கும் இதுவே பாதிக் காரணம் என்று பின்னால் தெரிந்தது. கசிவைக் கண்டுபிடிக்கப் பாத்திரம் கழுவும் சோப்பு நீர் போதும், குமிழி வரும் இடம் கசியும் இடம். குழாய் போதவில்லை என்று தண்ணீர்க் குழாய்க்கான வெள்ளை பி.வி.சி-யை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அழுத்த வாயுவில் அது உடைந்தால் கண்ணாடிபோல் சிதறிப் பறக்கும்.

சீராக்கியில் இரண்டு அழுத்தமானிகள் இருக்கும். ஒன்று தோம்பின் அழுத்தத்தைக் காட்டும், மற்றது பொறிக்குப் போகும் அழுத்தத்தை. முகப்பில் பார், பி.எஸ்.ஐ இரண்டு அளவுகளும் அச்சாகியிருக்கும். 1 பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ. ஃபர்ஸ்ட் ரோபோடிக்ஸ் போட்டி விதிகளில் வேலை அழுத்தத்தின் எல்லை 60 பி.எஸ்.ஐ, அதாவது 4 பாருக்குச் சற்று மேல். கரிவளித் தோம்பின் மானியும் ஏறக்குறைய 60-ஐத்தான் காட்டும், ஆனால் அது பார்! "அழுத்தத்தை 60-க்கு வைக்கவும்" என்று அலகு இல்லாமல் எழுதினால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அறிவியல் ஆசிரியர் அலகுக்கு மதிப்பெண் வெட்டுவதை இதுவரை கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன்.

தோம்பு மானியைப் பற்றி இன்னொரு செய்தி. அழுத்தக் காற்று நிரப்பிய தோம்பில் பாதி தீர்ந்தால் முள்ளும் பாதிக்கு இறங்கும். கரிவளித் தோம்பில் இறங்காது. உள்ளே கரிவளி திரவமாக இருக்கிறது. திரவம் ஒரு சொட்டு மிஞ்சியிருக்கும்வரை, வெப்பநிலை மாறாதவரை, முள் அதே இடத்தில்தான் நிற்கும். திரவம் தீர்ந்ததும் கிடுகிடுவென்று விழும். போட்டி நடுவில் மாணவர்கள் ஏமாறுவது இதனால்தான். எவ்வளவு மிச்சம் என்று அறிய ஒரே வழி எடை போடுவது. வெறும் தோம்பின் எடை அதன் கழுத்திலேயே பொறித்திருக்கும், கழித்துக்கொள்ளலாம். எங்கள் கணக்கு: தண்டின் ஓட்டம் 150 மில்லிமீட்டர், போக ஒரு முறை, வர ஒரு முறை, ஒரு டின்னுக்கு ஏறக்குறைய 7 கிராம். 2 கிலோ கரிவளிக்கு 250 டின்னுக்கு மேல் நசுக்கலாம்.

வெயிலை மறந்துவிடாதீர்கள். 20 பாகையில் 57 பார் காட்டும் தோம்பு 30 பாகையில் 72 பார் காட்டும். 31 பாகையைத் தாண்டினால் திரவம் என்ற நிலையே இல்லாமல் போய், நிரப்பிய அளவைப் பொறுத்து அழுத்தம் வேகமாக ஏறும். மத்தியானம் வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் கரிவளித் தோம்பை விட்டுவிட்டு உணவருந்தப் போகக் கூடாது. பெரும்பாலான சிறிய தோம்புகளின் வால்வில், எல்லை மீறினால் கிழிந்து வாயுவை விடும் ஒரு மெல்லிய தகடு உண்டு. அது காருக்குள் கிழிவதை யாரும் விரும்பமாட்டார்கள். தோம்பை நிமிர்த்தியே வைத்துக் கட்ட வேண்டும். சாய்த்தால் திரவம் சீராக்கிக்குள் போய்விடும். வேகமாகப் பயன்படுத்தும்போது சீராக்கிமேல் பனி படிவது இயல்பு, சற்று ஓய்வு கொடுத்தால் சரியாகும். கரிவளி காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, அடைத்த அறையில் கீழே தேங்கும். குளிர்சாதன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு டின் நசுக்க வேண்டாம்.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமான வரிசை. திறக்கும்போது: சீராக்கியின் குமிழ் தளர்ந்து ஆடுகிறதா என்று முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு பக்கவாட்டில் நின்று, மானியின் முகத்துக்கு நேரே முகத்தை வைக்காமல், தோம்பின் வால்வை மெல்லத் திறக்க வேண்டும். அதன் பிறகே குமிழை வலஞ்சுழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி 6 பாருக்குக் கொண்டுவர வேண்டும். சீராக்கிக்கு அடுத்து, சுமார் 8 பாரில் தானே திறக்கும் பாதுகாப்பு வால்வு ஒன்று கட்டாயம். அடைப்பானில் ஒரு தூசி உட்கார்ந்தாலே மறுபக்க அழுத்தம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். அன்றைக்கு எங்களிடம் அந்த வால்வு இல்லை. முப்பது ரிங்கிட்டுக்கும் குறைந்த பொருள்.

மூடும்போது முதலில் தோம்பின் வால்வு. அடுத்து, சீராக்கியைத் தொடாமல், பொறியை இரண்டு மூன்று முறை இயக்கி மிச்ச வாயுவை வெளியேற்ற வேண்டும். இரண்டு முள்ளும் சுழியத்துக்கு வந்த பிறகுதான் குமிழைத் தளர்த்துவது. ஏன் இந்த வரிசை? குமிழை முதலில் தளர்த்தினால் அடைப்பான் மூடிக்கொள்ளும். தோம்பின் வால்வுக்கும் சீராக்கிக்கும் நடுவில் 57 பார் வாயு சிறைப்பட்டு நிற்கும். தெரியாமல் யாராவது நட்டைக் கழற்றினால் அது அவர் கையில் வெளியேறும்.

அந்த மாணவர் தம் கடைசி வரியைத் திருத்தி எழுதியது இப்படி:

"முதலில் தோம்பின் வால்வை வலஞ்சுழியாகத் திருப்பி மூடவும். பிறகு பொறியை இயக்கிக் குழாயில் எஞ்சியுள்ள வாயுவை வெளியேற்றவும். இரு அழுத்தமானிகளின் முள்ளும் சுழியத்தைக் காட்டிய பின்னர், சீராக்கியின் குமிழைத் தளர்ந்து ஆடும்வரை இடஞ்சுழியாகத் திருப்பவும்."

பழைய வரியைவிட நீளம்தான். அழகு என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு வினைக்கும் எந்தப் பொருள், எந்தத் திசை, எதுவரை என்று மூன்றுக்கும் விடை இருக்கிறது. "நன்கு", "முறையாக", "கவனமாக" என்ற சொற்கள் போய்விட்டன. செய்முறை விளக்கத்தில் "கவனமாகத் திறக்கவும்" என்று எழுதுபவர், எதைக் கவனிப்பது என்பதைச் சொல்லாமல் தப்பித்துக்கொள்கிறார். நானும் வகுப்பில் பல காலம் அந்தச் சொல்லை நல்ல சொல்லாட்சி என்று பாராட்டியவள்தான்.

ஆசிரியர்கள் இதை வகுப்பில் செய்துபார்க்க வாயுத் தோம்பு எதுவும் தேவையில்லை. ஒரு மாணவர் எழுதிய செய்முறையை இன்னொருவர் கையில் கொடுத்து, எழுதியவரை வாய் திறக்காமல் உட்கார வைத்து, எழுதியபடி மட்டும் செய்யச் சொல்லுங்கள். தேநீர் கலக்குவது, சைக்கிள் டயருக்குக் காற்றடிப்பது எதுவானாலும் சரி. என் வகுப்பில் "மூடியைத் திருப்பவும்" என்ற வரியை ஒருவர் நிறைவேற்றிய விதத்தில் மேசை முழுக்க மைலோ.

டின் நசுக்கும் பொறியில் இப்போது இரண்டு அட்டைகள் தொங்குகின்றன. தோம்பின் வால்வில் "வலஞ்சுழி: மூடும்". சீராக்கியில் "வலஞ்சுழி: அழுத்தம் ஏறும்". கண்ணாடி உடைந்த மாணவர்தான் இரண்டையும் எழுதினார், புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு.